தோற்ற அணி சாம்பியன், தோற்காத அணிக்கு ஐந்தாமிடம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புரிந்துகொள்வது எப்படி?

2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணி, சீசன் முழுக்கத் தடுமாறிக்கொண்டிருந்த மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. அதுவும் சொந்த மைதானத்தில். பரம எதிரியிடம் தொடர்ந்து நாலாவது தோல்வி என்பதால் கோச்சை மாற்றச் சொல்லிக் குரல்கள் கிளம்பின. 51 நாள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, அதே அணி அதே கோச்சுடன் நோட்டர் டேமை 34–23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது.

சில ஆண்டுகள் பின்னால் போனால் இதற்கு நேர்மாறான கதை இருக்கிறது. 2006 சீசனில் பாய்சி ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-லும் வென்றது. கடைசித் தரவரிசையில் அதற்குக் கிடைத்தது ஐந்தாமிடம். ஓர் ஆட்டம் தோற்றிருந்த ஃபுளோரிடா சாம்பியன்.

யூடியூபில் இந்த ஆட்டங்களின் துண்டுகளைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களுக்கு இங்கேதான் தலை சுற்றுகிறது. எந்தக் கல்லூரியோடும் ஒட்டோ உறவோ இல்லாத ரசிகருக்கு ஓர் ஆட்டம் மனதில் நிற்க வேண்டுமானால் ஸ்கோர் மட்டும் போதாது. தோற்றால் அந்த அணிக்கு என்ன போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது விதிகளும் போட்டி அமைப்பும். சமீபத்தில் அந்த அமைப்பே மாறியிருக்கிறது. அதனால் பழைய ஆட்டங்களையும் புதிய ஆட்டங்களையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

முதலில் அடிப்படை

நாம் பேசுவது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் எறியலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். களம் 100 யார்டு நீளம். இரண்டு முனையிலும் 10 யார்டு ஆழத்துக்கு ‘எண்ட் ஜோன்’. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு ‘டவுன்’. நாலுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நாலு கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ‘நாலாவது டவுன், 18 யார்டு தேவை’ என்று கேட்டால், அநேகமாகக் கதை முடிந்தது என்று அர்த்தம்.

பந்தோடு எதிரணியின் எண்ட் ஜோனுக்குள் போனால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஒரு கூடுதல் முயற்சி உண்டு: உதைத்தால் 1, மறுபடி உள்ளே கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

கடிகாரம் மொத்தம் 60 நிமிடம் ஓடும். ஆனால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாலோ, எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் விழுந்தாலோ கடிகாரம் நிற்கும். 60 நிமிட ஆட்டம் மூன்றரை மணி நேரம் இழுப்பது இதனால்தான். கடைசி ஒரு விநாடிக்கு இங்கே இருக்கும் மதிப்புக்கும் இதுதான் காரணம்.

சாம்பியனை யார் முடிவு செய்கிறார்கள்?

உயர் பிரிவில் சுமார் 130 கல்லூரிகள் இருக்கின்றன. வழக்கமான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டம்தான். எல்லா அணியும் எல்லா அணியோடும் மோத வழியே இல்லை. ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களுக்குள்தான் பெரும்பாலான ஆட்டங்கள் நடக்கும். அப்படியானால் நாட்டிலேயே சிறந்த அணி எது என்று எப்படிச் சொல்வது? வந்த வழி இதுதான்:

1. நீண்ட காலம் வாக்குதான். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாரந்தோறும் தரவரிசை வாங்கி வெளியிட்டு வருகிறது. சீசன் முடிவில் பெரிய அணிகள் ‘பவுல்’ எனப்படும் தனித்தனி ஆட்டங்களுக்குப் போகும். முதலிடமும் இரண்டாமிடமும் நேருக்கு நேர் சந்திக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

2. 1998 சீசனிலிருந்து 2013 வரை, வாக்கையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டே அணிகளைத் தேர்ந்தெடுத்து ஓர் இறுதி ஆட்டம் வைத்தார்கள்.

3. 2014 முதல் 2023 வரை, ஒரு தேர்வுக் குழு நாலு அணிகளைத் தேர்ந்தெடுத்தது.

4. 2024 முதல் 12 அணிகளுக்கு பிளேஆஃப்.

இரண்டு இடம் மட்டுமே இருந்த காலத்தில் ஒரு தோல்வி வந்தாலே கதவு பாதி மூடிவிடும். இரண்டு தோல்வி என்றால் அநேகமாக முழுசாக மூடிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆபர்ன் ஊருக்குப் போகலாம்.

ஒரு விநாடி, 57 யார்டு

2013 நவம்பர் 30. அலபாமா மாநிலத்தின் இரு பெரிய கல்லூரிகள் மோதும் ஆண்டு ஆட்டம். அலபாமா நாட்டில் முதலிடம், முந்தைய இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். ஆபர்ன் நாலாமிடம், ஓராண்டு முன்பு 12-ல் 3 மட்டுமே வென்ற அணி. ஆட்டம் முடிய 32 விநாடி இருக்கையில் ஆபர்ன் டச் டவுன் போட்டு 28–28 என்று சமன் செய்தது.

அலபாமா கடைசி முயற்சியாகப் பந்தோடு ஓடி எல்லைக்கு வெளியே போனது. கடிகாரம் பூஜ்யம் காட்டியது. அலபாமா கோச் நிக் சேபன் விடவில்லை. காணொளியைப் பார்த்த நடுவர்கள் ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஒரு விநாடி தேவையில்லை என்று ஓவர்டைமுக்குப் போயிருக்கலாம். எண்ட் ஜோனை நோக்கி நீளமாக எறிந்து பார்த்திருக்கலாம். சேபன் மூன்றாவது வழியைத் தேர்ந்தார்: 57 யார்டிலிருந்து ஃபீல்டு கோல். அன்று வழக்கமான உதைப்பாளரின் முயற்சிகள் மூன்று வீணாகியிருந்ததால், உதைக்க வந்தது முதலாண்டு மாணவர் ஆடம் கிரிஃபித்.

இங்கே பலருக்கும் தெரியாத விதி ஒன்று வருகிறது. ஃபீல்டு கோல் குறுகிப்போய்ப் பந்து களத்துக்குள்ளேயே விழுந்தால், எதிரணி அதைப் பிடித்து ஓடலாம். சாதாரணமாக யாரும் அங்கே நிற்பதில்லை. ஆபர்ன் கோச் கஸ் மால்சான் டைம்-அவுட் எடுத்து, பந்தோடு ஓடப் பழகிய கிறிஸ் டேவிஸைக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார்.

பந்து குறுகியது. எண்ட் ஜோனின் பின்கோட்டுக்குப் பக்கத்தில் டேவிஸ் அதைப் பிடித்தார். இப்போது எதிரே இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஃபீல்டு கோல் உதைக்கும் அணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் உதைப்பவரைக் காக்கும் கனத்த ஆட்கள். ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்க அவர்களால் ஆகாது. டேவிஸ் இடது எல்லைக் கோட்டை ஒட்டி, கால் கோட்டில் படாமல், மறுமுனை வரை ஓடிவிட்டார். உண்மையான தூரம் சுமார் 109 யார்டு. சாதனைப் புத்தகத்தில் எண்ட் ஜோனுக்குள் ஓடியது சேராது என்பதால் 100. ஆபர்ன் 34, அலபாமா 28.

அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோச் விநாடியைக் கேட்டு வாங்கினார், இன்னொருவர் அந்த விநாடியில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று யோசித்து ஆளை மாற்றினார். இரண்டுமே சரியான யோசனை. ஒன்றுதான் பலித்தது.

விளைவு பெரியது. ஆபர்ன் கான்ஃபரன்ஸை வென்று தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது. அங்கே ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 34–31 என்று, கடைசி 13 விநாடி இருக்கையில் வந்த டச் டவுனால் தோற்றது. அலபாமாவுக்கு அந்த சீசனின் முதல் தோல்வியே பட்டக் கனவுக்கும் முடிவானது. இன்றைய 12 அணி முறை அன்று இருந்திருந்தால் இரண்டு அணிகளுமே பிளேஆஃபில் இருந்திருக்கும். அப்போதும் டேவிஸின் ஓட்டம் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது ஒரு சீசனை முடித்த ஓட்டமாக இருந்திருக்காது.

தோற்காமலே வெளியில் நின்ற அணி

பாய்சி ஸ்டேட் ஐடஹோ மாநிலத்தின் அணி; அன்று அது இருந்தது ஒரு சிறிய கான்ஃபரன்ஸில். எளிய எதிரிகளோடுதானே ஆடுகிறது என்று சொல்லி, எத்தனை வென்றாலும் முதல் இரண்டு இடத்துக்குள் அதை யாரும் சேர்க்கவில்லை. 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பவுலில், பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றை வென்று வந்த ஓக்லஹோமா அணியைச் சந்தித்தது.

28–10 என்று முன்னிலையில் இருந்த பாய்சி, ஒரு நிமிடம் மிச்சம் இருக்கையில் 28–35 என்று பின்தங்கிவிட்டது. அப்புறம் நடந்தவை மூன்று தந்திரங்கள்.

முதலாவது: நாலாவது டவுன், 18 யார்டு தேவை. குவார்ட்டர்பேக் (வழக்கமாகப் பந்தை எறிகிறவர்) ஜேரட் ஸப்ரான்ஸ்கி நடுவில் எறிந்ததை டிரிசன் ஜேம்ஸ் பிடித்தார். 18 யார்டுக்கு முன்பாகவே பிடித்ததால் தடுப்பவர்கள் எல்லோரும் அவரை நோக்கிப் பாய்ந்தார்கள். அதே கணம் எதிர்த்திசையில் ஓடிவந்த ஜெரார்ட் ராப் கையில் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார். முன்னால் எறிவது ஒரு முறைதான் முடியும். பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் தரலாம் என்பது விதி. (1982-ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா அணி ஐந்து முறை அப்படிக் கைமாற்றி, ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக் களத்துக்குள் இறங்கிவிட்ட ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு நடுவே ஓடி வென்றதும் இதே விதியால்தான்.) ராப் ஓடிப்போய்ப் போட்டபோது மிச்சம் 7 விநாடி. 35–35.

ஓவர்டைமில் ஒவ்வோர் அணியும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 யார்டும் கடந்துவிட்டார். 42–35. பாய்சி மறுபடி நாலாவது டவுனுக்கு வந்து நின்றது. இந்த முறை எறிந்தது குவார்ட்டர்பேக் இல்லை. பந்தை நேராக வாங்கிய வின்னி பெரெட்டா ஓடுவது போல் போய் டெரெக் ஷூமனுக்கு எறிந்தார். 42–41.

இப்போது உதைத்தால் சமன். பாய்சியின் கோச் கிறிஸ் பீட்டர்சன் உதைக்கச் சொல்லவில்லை. ஆட்கள் பலமும் உடல் பலமும் கூடிய அணிக்கு எதிராக ஆட்டம் நீள நீள, சின்ன அணியின் வாய்ப்பு கரையும். இரண்டு புள்ளிக்குப் போனார். ஸப்ரான்ஸ்கி வலப்பக்கம் எறிவது போல வெறும் கையை வீசினார். முதுகுக்குப் பின்னால் இடக்கையில் இருந்த பந்தை இயன் ஜான்சன் வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். அங்கே தடுக்க ஆளில்லை. 43–42. ஜான்சன் அதே மைதானத்தில், கேமராக்களுக்கு முன்னாலேயே, தன் காதலியிடம் மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார்.

எந்த அணியையும் சாராமல் பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது என்றே சொல்வேன். ஆனாலும் தேசியப் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் போனதுதான் அன்றைய முறையின் பெரிய குறை. 2024-ல் புதிய முறையில் பாய்சி ஸ்டேட்டுக்கு மூன்றாம் நிலை அணியாக இடம் கிடைத்தது. டிசம்பர் 31 அன்று அதே கிளெண்டேல் மைதானத்தில் பென் ஸ்டேட்டிடம் 31–14 என்று தோற்று வெளியேறியது. தோற்றாலும் களத்தில்தான் தோற்றது, வாக்குச்சீட்டில் இல்லை.

ஓவர்டைம்: ஒரு விதி எப்படி மாறுகிறது

1984 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பவுலில், முதலிட நெப்ராஸ்கா மியாமியிடம் 31–30 என்று பின்தங்கியிருந்தது. 48 விநாடி மிச்சம். அன்று ஓவர்டைமே கிடையாது. உதைத்துச் சமன் செய்திருந்தாலே பட்டம் அநேகமாக நெப்ராஸ்காவுக்குத்தான். கோச் டாம் ஆஸ்பர்ன் அப்படி ஒரு பட்டத்தை விரும்பவில்லை. இரண்டு புள்ளிக்குப் போனார். எறிந்த பந்து மியாமி வீரரின் விரலில் பட்டுத் தவறியது. பட்டம் மியாமிக்கு.

1996 சீசனில் உயர் பிரிவுக்கு ஓவர்டைம் வந்தது. கிரிக்கெட்டின் சூப்பர் ஓவர் மாதிரிதான்: எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு முறை ஆட வேண்டும், சமன் என்றால் மறுபடி. இதற்கு முடிவே இல்லாமல் போனால்? 2018 நவம்பர் 24 அன்று டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷனில் அதுவும் நடந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்து எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) வீரர்கள் தங்கள் கோச் எட் ஆர்ஜெரான் தலையில் குளிர்பானத்தைக் கொட்டிவிட்டார்கள். டெக்சஸ் ஏ அண்டு எம் அணியின் குவார்ட்டர்பேக் எறிந்ததை எல்.எஸ்.யு. பிடித்திருந்தது. ஆனால் எறிவதற்கு முன்பே அவர் முழங்கால் தரையில் பட்டிருந்தது, அதனால் அந்த எறிதல் செல்லாது என்று காணொளி காட்ட, ஆட்டம் தொடர்ந்தது. கடிகாரம் பூஜ்யம் ஆன கணத்தில் ஏ அண்டு எம் டச் டவுன் போட்டு 31–31 ஆக்கியது. பிறகு ஏழு ஓவர்டைம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 74–72 என்று ஏ அண்டு எம் வென்றது. மொத்தம் 146 புள்ளி; உயர் பிரிவில் அதற்கு முன் எந்த ஆட்டத்திலும் அவ்வளவு வந்ததில்லை.

பார்ப்பவருக்குத் திருவிழா. ஆடுகிற பையன்களுக்கு அது ஒன்றரை ஆட்டத்தின் அடி. எனவே 2019-ல் விதி மாறியது: ஐந்தாவது ஓவர்டைம் முதல் வெறும் இரண்டு புள்ளி முயற்சி மட்டும். 2021-ல் இதை மூன்றாவதிலிருந்தே என்று இறுக்கினார்கள். அந்த அக்டோபரிலேயே இல்லினாய் – பென் ஸ்டேட் ஆட்டம் ஒன்பது ஓவர்டைம் போனது. ஐந்து சுற்று தொடர்ந்து இரண்டு அணியும் தவறவிட்டு, கடைசியில் 20–18. உடலுக்கு நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால் 25 யார்டிலிருந்து கட்டியெழுப்பும் ஆட்டத்தில் இருந்த திட்டமும் பதற்றமும் இதில் இல்லை.

ஒரே மாதிரி இரண்டு அதிர்ச்சிகள், வேறு வேறு விளைவுகள்

2007 செப்டம்பர் 1. ஐந்தாமிட மிச்சிகன் தன் மைதானத்துக்கு அப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைத்தது. அழைக்கப்பட்டது ஒரு படி கீழ்ப் பிரிவைச் சேர்ந்த அணி. அன்று மேல் பிரிவில் ஓர் அணி 85 பேருக்கு உதவித்தொகை தர முடிந்தது, கீழ்ப் பிரிவில் 63 தான். பெரிய கல்லூரி பணம் கொடுத்துச் சின்ன அணியை வரவழைத்து, சுலபமாக ஒரு வெற்றியை எடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். 1,09,000-க்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சிகனின் கடைசி ஃபீல்டு கோலை கோரி லிஞ்ச் பாய்ந்து தடுத்தார். 34–32. கீழ்ப் பிரிவு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று அசோசியேட்டட் பிரஸ் தன் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. மிச்சிகனின் பட்டக் கனவு முதல் வாரத்திலேயே முடிந்தது.

2024 செப்டம்பர் 7. ஐந்தாமிட நோட்டர் டேம், நார்தர்ன் இல்லினாயிடம் சொந்த மண்ணில் 16–14 என்று தோற்றது. அங்கேயும் கடைசி ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. ஆனால் நோட்டர் டேம் அதன் பிறகு தொடர்ந்து வென்று, ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை போய்விட்டது.

இரண்டு ஆட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. 2007-ல் வென்றவர்கள் ஒரு பெரிய அணியின் சீசனையே கவிழ்த்தார்கள்; 2024-ல் வென்றவர்கள் இன்னொரு பெரிய அணியை ஒரு வாரம் தலைகுனிய வைத்தார்கள். 12 அணி முறை பறித்துக்கொண்டது இதைத்தான்.

பதிலுக்குக் கிடைத்தது என்ன?

கிடைத்தது சின்னதில்லை. 2025 ஜனவரி 1 அன்று நடந்த பீச் பவுல் காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முந்தைய கணிப்பில் தன் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் கடைசி என்று சொல்லப்பட்ட அரிசோனா ஸ்டேட், டெக்சஸுக்கு எதிராகக் கடைசிக் கால் பகுதியில் 8–24 என்ற நிலையிலிருந்து 24–24 ஆக்கியது. அதில் கேம் ஸ்காட்டபோ தானே ஓடியும், ஒரு டச் டவுனைத் தானே எறிந்தும் அணியைத் தூக்கி நிறுத்தினார். ஓவர்டைமில் டெக்சஸ் நாலாவது டவுன், 13 யார்டு தேவை என்ற இக்கட்டில் டச் டவுன் எறிந்து தப்பி, இரண்டாவது ஓவர்டைமில் 39–31 என்று வென்றது. பழைய முறையில் அரிசோனா ஸ்டேட் இந்த மேடைக்கே வந்திருக்காது.

ஆக, டிசம்பர், ஜனவரி ஆட்டங்கள் கனத்துவிட்டன. செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்கள் இலேசாகிவிட்டன. இதோடு பணமும் சேர்கிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் வந்த நீதிமன்றச் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற பழைய தடையும் போய்விட்டது. உழைக்கிற பையனுக்குக் கூலி கிடைப்பது நியாயம். அதே சமயம், சின்னக் கல்லூரியில் மூன்று ஆண்டு சேர்ந்து வளர்ந்து பெரிய அணியை வீழ்த்தும் 2006 பாய்சி மாதிரியான அணியைக் கட்டுவது இப்போது கடினம். நன்றாக ஆடுகிறவரை அடுத்த சீசனுக்குள் பெரிய கல்லூரி அழைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

12 இடங்களில் ஐந்து, கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் மேலே இருக்கும் ஐவருக்கு என்று 2024-ல் வைத்தார்கள். பெரிய கான்ஃபரன்ஸ்கள் நாலு: எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. இவற்றின் முன்னணி அணிகளுக்கு ஓரிரு தோல்வி வந்தாலும் வேறு வழியில் இடம் கிடைத்துவிடும். மீதியுள்ள சின்ன கான்ஃபரன்ஸ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நம்பி எண்ணக்கூடியது ஒரே ஓர் இடம். 2024 டிசம்பர் 6 அன்று பாய்சி ஸ்டேட் லாஸ் வேகாஸ் அணியை 21–7 என்று வென்ற ஆட்டம் அப்படித்தான் இருந்தது: வென்றால் பிளேஆஃப், தோற்றால் வீடு.

தோல்வி இன்னும் கொல்லும் இடம் அதுதான். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, நவம்பர் நடுவிலிருந்து சின்ன கான்ஃபரன்ஸ்களின் முன்னணி அணிகளைத் தொடர்வது எந்தச் சார்பும் இல்லாத ரசிகருக்கு அதிக லாபம். நம்மூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை மாலை ஆட்டம் என்றால் இங்கே ஞாயிறு பின்னிரவு, தூக்கம் கெடும். நவம்பரில் மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் தன் ஆட்டங்களைச் செவ்வாய், புதன் இரவுகளில் வைக்கிறது. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. நோட்டர் டேமை வீழ்த்திய நார்தர்ன் இல்லினாய் அந்தச் சீசனில் ஆடியது அந்த கான்ஃபரன்ஸில்தான்.